சுகிர்தத்தின் விரல்

இன்னும் ஐந்து பேர், அப்புறம் சுகிர்தம். வயலட் கண்ணாலேயே எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். வாசல் பக்கத்து நாற்காலியில் தொடங்கிய சாட்சி வலமாக வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு சாட்சி சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மை ஒன்று, சின்னதோ பெரியதோ, வாய்விட்டுச் சொல்லி ஸ்தோத்திரம் என்று முடித்தால் மற்றவர்களும் ஸ்தோத்திரம் என்பார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது. பழைய சாட்சி செல்லாது. இதெல்லாம் தங்கபுஷ்பம் டீச்சர் போட்ட சட்டம். பள்ளிக்கூடத்தை விட்டுப் பத்து வருஷமாகியும் டீச்சர் கையில் கண்ணுக்குத் தெரியாத பிரம்பு ஒன்று இருந்துகொண்டே இருந்தது. இன்று கூட்டம் சுகிர்தத்தின் வீட்டில். வயலட்டின் கொழுந்தன் சாம்ராஜ் கட்டிய இரண்டு அறை வீடு. சாம்ராஜ் சுவரில் படமாகிப் பதினாறு வருஷம். அவன் பெண்டாட்டி, வயலட்டின் ஓரகத்தி, காய்ச்சல் விட்ட வெளிறிய முகத்தோடு வயலட்டுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாற்காலி! வயலட் வேண்டுமென்றே பிந்தித்தான் வந்தாள். வாசலோரம் எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம், முடிந்தால் சுகிர்தத்தின் முறை போனபிறகு உள்ளே நுழையலாம் என்று இருந்தாள். வந்து பார்த்தால் கூட்டம் இவளுக்காகக் காத்திருந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலியில் கைக்குட்டையை விரித்து இடம் பிடித்து வைத்திருந்தாள் இந்தச் சுகிர்தம். "இங்க வாங்கக்கா. உங்களுக்கு வேர்த்தா தலைவலி வந்துருமே" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். இடம் பிடித்துக் கொடுப்பதிலும் அவளுக்கே பேர். வயலட் உட்கார்ந்ததும் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அறிவித்தாள்: "சுகிர்தம் போன வாரம் காய்ச்சல்ல வரல. அதனால இன்னைக்கு அவளுக்கு மட்டும் ரெண்டு சாட்சி. நாலு நிமிஷம்." எஸ்தர் பெரியம்மா உடனே, "நாலு நிமிஷம் அவளுக்கு மூச்சு இழுக்கவே காணாதே டீச்சர்" என்றாள். அறை முழுக்கச் சிரித்தது. சுகிர்தமும் சிரித்தாள். சுகிர்தத்தின் இரண்டு சாட்சிகளில் ஒன்று இப்போது சுகிர்தத்திடம் இல்லை. அதைப் போன வெள்ளிக்கிழமை வயலட் எடுத்துவிட்டாள்.

எடுத்துவிட்டாள் என்று மனசு சொன்னது, திருடினாள் என்று சொல்லவில்லை. மனசு எப்போதும் பக்கத்து வார்த்தையில் போய் ஒளிந்துகொள்ளும். நடந்தது இதுதான். போன வாரம் புதன்கிழமை சுகிர்தம் போன் செய்தாள். தொண்டை கட்டியிருந்தது, ஆனாலும் பேச்சு குறையவில்லை. டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டமாம், சீட்டுக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தாளாம். அந்தச் சீட்டில் ஒரு பொம்பளை மடியில் கைப்பிள்ளை. கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கொண்டுவருகிற பிள்ளை. அது கையை நீட்டி, கம்பியைப் பிடித்திருந்த சுகிர்தத்தின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டதாம். பிடித்தது விடவில்லை. மார்க்கெட் வந்தது, விடவில்லை. தாய்க்காரி, "விடுட்டி, அம்மாச்சி இறங்கணும்லா" என்கிறாள், விடவில்லை. "முருகன்குறிச்சியில இறங்கணும்க்கா நான். இறங்கல. எப்படி உருவ? தூங்கிப்போச்சு, தூக்கத்துலயும் பிடிச்சிருக்கு. வண்ணாரப்பேட்டையில அவங்க இறங்குத வரைக்கும் போயிட்டு வெயில்ல திரும்பி நடந்து வந்தேன். அதுலதான் இந்தக் காய்ச்சல்னு நினைக்கேன். போகட்டும். அம்புட்டுப் பேர்ல என் விரலை எதுக்குக்கா அது பிடிச்சுது? ஆண்டவர் அந்தக் கையில வந்து பிடிச்ச மாதிரி இருந்துச்சு." வயலட் "சரி சரி, கஷாயம் வச்சுக் குடி" என்று போனை வைத்தாள். வைத்தபின் வெகுநேரம் அங்கேயே நின்றாள். வெயிலில் நடந்து காய்ச்சல் வந்தவளைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரியுமா? எரிந்தது. வெள்ளிக்கிழமை, கிருபா வீட்டில், முறை தன்னிடம் வந்தபோது அவளிடம் ஒன்றுமே இல்லை. குடும்பத்தைச் சுகமாகக் காத்தார், மகன் பேசினான், ஸ்தோத்திரம். மூன்று வருஷமாக அதையே சொல்லிவருகிறாள். மற்றவர்களும் ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் முடிப்பது போலத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்தவள் முகத்தைப் பார்ப்பார்கள். அன்று டீச்சர், "வயலட், புதுசா ஏதும் இல்லையா?" என்றாள். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கேட்கிற குரல். சுகிர்தத்தின் நாற்காலி காலியாக இருந்தது. வயலட் வாயைத் திறந்தாள். "பஸ்ல வந்தேன்" என்று தொடங்கியது வாய். அப்புறம் அது நிற்கவில்லை.

வாசல் பக்கத்திலிருந்து மூன்றாமவளான எஸ்தர் பெரியம்மா இப்போது தன் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாராவாரம் முழங்கால்தான், ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. "இந்த வாரம் ரெண்டும் ஒண்ணா வலிச்சுது, அதுக்கும் ஸ்தோத்திரம், ஒண்ணுக்கொண்ணு துணையா இருந்துச்சு." சிரிப்பு. ஸ்தோத்திரம். வயலட்டும் உதட்டை அசைத்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருதரம் க்ளக் என்றது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவள் வெளியூர்ப் போன்களை இணைத்துக்கொடுத்த டிரங்க் எக்ஸ்சேஞ்ச் நினைவுக்கு வந்துவிட்டது, பச்சைச் சுவரும் கறுப்பு போர்டும் வரிசையாகத் துளைகளும் காதை நெரிக்கிற ஹெட்போனும். இருபத்தொரு வயதில் உட்கார்ந்த நாற்காலி. ஒரு கயிற்றைச் செருகினால் பம்பாய், ஒரு கயிற்றைச் செருகினால் கொழும்பு. ஆண் பிள்ளை பிறந்திருக்கு, கேட்குதா, ஆண் பிள்ளை! என்று ஒருவன் அழுதுகொண்டே கத்துவான், அந்தப் பக்கம் ஒரு கிழவன் ஹலோ ஹலோ என்பான், நடுவில் வயலட். லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நொடி கேட்கலாம் என்பது விதி. அவள் அதற்கு மேலும் கேட்டாள், எல்லோரும்தான் கேட்டார்கள். மூன்று நிமிடம் ஆனதும், மூன்று நிமிடம் முடிந்தது, நீட்டிக்கவா? என்பாள். நீட்டிக்க வேண்டாம் என்றால் கயிற்றை உருவிவிடுவாள். எத்தனை பேருடைய சந்தோஷம் அவள் கை வழியாகப் போயிருக்கும். ஒன்றுகூட அவளுக்கென்று வந்ததில்லை, கேட்டதுதான் மிச்சம். போன வாரம் செய்ததும் அதே வேலைதானே? சுகிர்தத்தின் லைனை எடுத்துத் தன் துளையில் செருகிக்கொண்டாள். நியாயம் சொல்லப் பார்க்கிறது மனசு. சும்மா இரு என்றாள் அதனிடம். ஞாயிற்றுக்கிழமை காலை கனடாவிலிருந்து மகன் வீடியோவில் வருவான். பின்னால் ஜொவானா ஓடிக்கொண்டிருப்பாள், நாலு வயது. ஆச்சிக்கு ஹாய் சொல்லு, ஹாய் சொல்லு என்று அவன் கெஞ்சுவான். அவள் வருவாள். முகம் வரும், மூக்கு வரும், அப்புறம் ஒரு விரல் வரும். திரை முழுக்கப் பெரிதாகி நேராக ஆச்சியின் கண்ணுக்குள் வருவது போல வரும். வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கும். அவ்வளவுதான். அந்தச் சின்ன விரல் உருவிவிட்ட கயிறு. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதனால்தானோ என்னவோ, போன வெள்ளிக்கிழமை சொல்லும்போது பிள்ளையின் தலைக்கு ஒரு தொப்பி வந்துவிட்டது. மஞ்சள் கம்பளித் தொப்பி. சந்தன மொட்டை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அது சுகிர்தத்தின் பிள்ளை, தன் பிள்ளைக்குத் தொப்பி இருக்கட்டும் என்று உள்ளே எதுவோ முடிவு செய்தது. திருநெல்வேலி வெயிலில் கம்பளித் தொப்பி! யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அழுதார்கள். எஸ்தர் பெரியம்மா மூக்கைச் சிந்தினாள், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அப்புறம்தான் ஸ்தோத்திரம் என்றாள், அது மற்ற எல்லா வாயிலிருந்தும் முழுசாகத் திரும்பி வந்தது. அந்தச் சத்தம்! ஆயுசில் முதல்தரமாக லைன் இவள் வீட்டுக்கு வந்த மாதிரி. அதைவிடப் பொல்லாதது, அன்று வீட்டுக்குப் போனபின்னும் ஆள்காட்டி விரலில் ஒரு கதகதப்பு இருந்தது. சத்தியமாக இருந்தது. சப்பாத்திக்கு மாவு பிசையும்போது அந்த விரலைத் தனியே தூக்கிவைத்துக்கொண்டே பிசைந்தாள். "கையில என்ன, வெட்டிக்கிட்டியா?" என்று கேட்டார் புருஷன் ஜெயபால், தொலைக்காட்சியிலிருந்து அவர் கண்ணை எடுத்து அவளைப் பார்த்ததே அந்த மாசத்தில் அதுதான் முதல் தடவை. ஒன்றுமில்லை என்றாள். சுகிர்தத்துக்கு நிஜமாகவே நடந்தபோது எப்படி இருந்திருக்கும்? பொய்க்கே இவ்வளவு சூடு என்றால்! அந்த நினைப்பு வந்ததும் கதகதப்பு போய்விட்டது, பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது.

நாலாமவள் சொல்லி முடித்தாள், என்ன சொன்னாள் என்று வயலட் கேட்கவில்லை. இன்னும் இரண்டு பேர். பக்கத்தில் சுகிர்தம் ஒவ்வொரு சாட்சிக்கும் சொந்த வீட்டு விசேஷம் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மேல் வந்த தைல வாசனை வயலட்டின் சேலையில் ஏறியது. எப்போது தொடங்கியது இது? இந்தக் குடும்பத்துக்குச் சுகிர்தம் மருமகளாக வந்த அன்றைக்கே தொடங்கிவிட்டது. சம்பளக்காரி வயலட், பேன்ட் போட்ட இன்ஜினியரைப் பெற்றவள் வயலட், மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் தனி அறை எடுத்துக் கொடுத்தவள் வயலட். அந்த மாமியார் சாகும்போது, "சுகிர்தத்தைக் கூப்பிடு, அவ வந்தா சிரிப்பு வரும்" என்றாள். சாம்ராஜ் திடீரென்று போனபோது வயலட்தான் தாங்கினாள். நாற்பத்து நாலு வயதில் விதவை, கையில் ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. ஐயோ பாவம் என்று சொல்லிச் சொல்லி வயலட்டுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அதில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று பார்த்தால், பாவப்பட்டவள் ஆறு மாசத்தில் எழுந்து நடக்கிறாள், பால் பொங்கி வழியப்போகிற நேரத்தில் கேஸ் தீர்ந்து பால் தப்பித்தது, ஸ்தோத்திரம் என்கிறாள்! காக்கை தலையில் எச்சமிட்டதாம், நல்லவேளை அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளாம், ஸ்தோத்திரம்! கேஸ் வயலட் வீட்டிலும் தீர்கிறது. ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தாள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கர்த்தர் அந்தப் பக்கத்து வாசலில் மட்டும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறாரா? இந்தப் பக்கம் வந்தால் காலில் முள்ளா குத்தும்? சுகிர்தத்தின் வீட்டைப் பார்த்து வயலட் பொறாமைப்படவில்லை, இரண்டு அறையைப் பார்த்து என்ன பொறாமை. எதிலும் ஒரு நன்மையைப் பார்த்துவிடுகிற அந்தக் கண்ணுக்குத்தான். அந்தக் கண் மட்டும் கிடைத்தால் தன்னுடைய மாடி வீட்டையும் பென்ஷனையும் எழுதிக்கொடுத்துவிடலாம் என்று ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. எழுதிக்கொடுத்தால் அதற்கும் அவள் ஒரு சாட்சி சொல்வாள்.

ஐந்தாமவளும் முடித்தாள். கிருபா மட்டும் மிச்சம், போன வாரக் கூட்டம் நடந்த வீட்டுக்காரி, கல்யாணமாகி ஒரு வருஷம். அவள் முடித்தால் சுகிர்தம். எழுந்து போய்விடலாமா? தலை வலிக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் மின்விசிறியை இன்னும் வேகமாக வைப்பாள் இவள். நேற்று மூன்று தடவை சுகிர்தத்தின் எண்ணைப் போட்டுவிட்டு மணி அடிக்குமுன் வெட்டினாள். என்னவென்று சொல்வது? உன் பிள்ளையை நான் எடுத்துவிட்டேன், நீ அதைச் சொல்லாதே என்றா? இன்று வராமல் இருந்திருக்கலாம். வராமலிருந்தால் அவள் சொல்வாள், இவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள், இது வயலட் சொன்னதுல்லா என்பார்கள், அந்தப் பார்வைகளை வீட்டில் இருந்தபடி நினைத்துப் பார்ப்பது நேரில் பார்ப்பதைவிடக் கொடுமை. அறுபத்தாறு வயதில் சாட்சியில் பொய் சொன்னவள். சபையில் யாரும் வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நல்லா இருக்கீங்களா என்பதை மட்டும் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். பிந்தி வரலாம் என்றுதான் ஆட்டோவை வேண்டாமென்று மூன்று தெரு நடந்தாள். அதிலும் பாதி வழியில் செருப்பு வார் அறுந்தது. குதிகால் வலிக்கென்று டாக்டர் சொல்லி வாங்கிய மெத்தைச் செருப்பு, விலை கூடியது, சமாதானபுரம் முக்கில் பொட்டென்று வாயைப் பிளந்தது. தார் கொதித்தது. ஒரு காலைத் தூக்கி நின்றபோது, பாருங்கள், எனக்கு இதுதான் நடக்கும், அவளுக்குப் பிள்ளை விரலைப் பிடிக்கும், எனக்குச் செருப்பு அறும் என்று வானத்தைப் பார்த்தாள். முக்கில் சாக்கை விரித்திருந்த கீரைக்காரி, வாய் நிறைய வெற்றிலையோடு, கண்ணாடி வளையலில் கோத்துத் தொங்கவிட்டிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். எழுந்து வந்தாள். கேட்காமலே குனிந்து வாரைச் சேர்த்துக் குத்தினாள். "போட்டுக்கோங்கம்மா, வீடு வரைக்கும் தாங்கும்" என்றாள். வெற்றிலை எச்சில் சேலையில் பட்டுவிடுமோ என்று வயலட் விலகினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். இங்கே வந்து வாசலில் அந்தச் செருப்பை, ஊக்கு தெரியாமல், மற்றவர்களுடைய செருப்புகளுக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

கிருபா தலையைக் குனிந்துகொண்டு, மாமியார் இந்த வாரம் ஒருநாள் தன்னை "மோளே" என்று கூப்பிட்டதாகச் சொன்னாள். அவ்வளவுதான். கன்யாகுமரிப் பக்கத்து மாமியார், அங்கே மகளை மோளே என்பார்கள்; கோபம் வந்தால் மட்டும் பேர் சொல்கிறவள். எல்லோரும் அதைப் புரிந்துகொண்ட மாதிரி மெல்லச் சொன்னார்கள், ஸ்தோத்திரம்.

சுகிர்தம் தொண்டையைச் செருமினாள். வயலட் மடியில் கிடந்த தன் வலது கையை இடது கையால் மூடினாள். விரல் மறைந்தது. "எனக்கு ரெண்டு இருக்குன்னு டீச்சர் சொல்லிட்டாங்க" என்றாள் சுகிர்தம். "முதல்ல காய்ச்சல். மூணு நாள் படுத்திருந்தேன்லா, அப்பம்தான் பார்த்தேன், எங்க வீட்டு உத்தரத்துல ஒரு அணில் கூடு கட்டியிருக்கு. படுக்காட்டி எனக்கு எங்க தெரியப்போகுது? அதுக்கு ஸ்தோத்திரம்." ஸ்தோத்திரம். "ரெண்டாவது..." என்று நிறுத்தினாள். க்ளக் என்றது விசிறி. "ரெண்டாவது, டவுன் பஸ்ல நடந்தது." வயலட்டுக்குக் காது அடைத்தது. ஹெட்போனைப் போட்டுக்கொண்டது போல எல்லாச் சத்தமும் தூரத்துக்குப் போய், ஒரே ஒரு குரல் மட்டும் மிக அருகில் கேட்டது. "பிள்ளை ஒண்ணு என் விரலைப் பிடிச்சிட்டு விடமாட்டேன்னுச்சு. முருகன்குறிச்சியில இறங்கவிடாம வண்ணாரப்பேட்டை வரைக்கும் கொண்டுபோயிட்டு." அறையில் ஏதோ அசைந்தது. எஸ்தர் பெரியம்மா முன்னால் சாய்ந்தாள். "ஏ, இது போன வாரம் வயலட்டுக்கு நடந்ததுல்லா?" டீச்சரின் கண்ணாடி வயலட் பக்கம் திரும்பியது. கிருபா திரும்பினாள். எல்லா முகமும் திரும்பியது. "ஆமா பெரியம்மா!" என்றாள் சுகிர்தம், குரலில் அப்படி ஒரு உற்சாகம். "அதைத்தானே சொல்லுதேன். கிருபா வந்து சொன்னா, எனக்கு நம்பவே முடியல. எனக்கு வந்தப்பம் அது மொட்டை, சந்தனம் மணக்குது. அக்காவுக்கு வந்தப்பம் தொப்பி போட்டிருந்துச்சாம். அதுக்கு எங்க குடும்பத்து விரல் மேல அப்படி என்ன ஆசையோ தெரியல. ஒரே வீட்டுல வாக்கப்பட்ட ரெண்டு பேருக்கும் ஒரே நன்மை. அதுக்கும் ஸ்தோத்திரம்." ஒரு நொடி. அப்புறம் சிரிப்பு வெடித்தது. "உங்க குடும்பத்துக்கு பஸ்காரன் தனி சார்ஜ் போடணும்" என்றாள் பெரியம்மா. டீச்சர்கூடச் சிரித்துவிட்டாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அறை நிறைந்தது.

வயலட் தப்பித்துவிட்டாள். தப்பித்தது தெரிந்த நிமிடத்தில் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது நன்றி இல்லை. இதையும் நீயே செய்துவிட்டாயா என்கிற எரிச்சல்தான். என் பொய்யைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லையே, அதையும் எடுத்துத் தூசி தட்டி உன் பெட்டியில் வைத்துக்கொண்டாயே. இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, காய்ச்சலின் களைப்பு மட்டும் இருந்தது. நிஜமாகவே நம்புகிறாளோ? ஊரில் உள்ள பிள்ளைகளெல்லாம் வரிசையில் நின்று எல்லோருடைய விரலையும் பிடிக்கும் என்று நம்பக்கூடியவள்தான். இப்போது உண்மையைச் சொன்னால்? அது எனக்கு நடக்கவில்லை என்று எழுந்து நின்று சொன்னால் தான் மட்டும் விழுவதில்லை, காப்பாற்றியவளையும் இழுத்துக்கொண்டு விழுவாள். நல்லதைச் செய்தே கையைக் கட்டிவிட்டாள். "வயலட்" என்றது டீச்சரின் குரல். "உன் முறை." குடும்பத்தைச் சுகமாகக் காத்தார் என்று நாக்கின் நுனியில் வந்து நின்றது. மகன் பேசினான். முகம், மூக்கு, விரல், சிவப்புப் பொத்தான். வாய் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன. மற்றவற்றின் அடியில் தள்ளியும் அந்த மெத்தைச் செருப்பின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது; சாய்ந்த வெயில் அதில் பட்டு, ஊக்கு ஒரு பொட்டு போல மினுங்கியது.

"செருப்பு அறுந்துபோச்சு" என்றாள் வயலட். சொன்ன குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "வார வழியில. முக்குல கீரை விக்கிறவ ஒரு ஊக்கு குத்திக் குடுத்தா." நிறுத்தினாள். இவ்வளவுதான் இருந்தது, அலங்கரிக்க ஒன்றும் இல்லை. "யாரு, அந்த வெத்தலை வாயியா?" என்றாள் எஸ்தர் பெரியம்மா. "ஒரு தண்டு கீரை கொசுறு போடமாட்டாளே அவ! ஊக்கா குடுத்தா?" "வளையல்ல இருந்து கழத்தினா" என்றாள் வயலட். "நான் கேட்கல. அவளே வந்து குனிஞ்சு குத்திவிட்டா." கிருபா சிரித்தாள், "நீங்க என்ன சொன்னீங்க அத்தை?" "ஒண்ணும் சொல்லல. முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன்." இப்போது யாரும் சிரிக்கவில்லை. யாரும் அழவும் இல்லை. போன வாரம் போல எந்த மூக்கும் சிந்தவில்லை. அந்த அமைதியில் தான் உட்கார்ந்திருப்பது ஒரு நாற்காலி என்பதையும், காற்று நெற்றியில் படுகிறது என்பதையும், தலை வலிக்கவில்லை என்பதையும் வயலட் அறிந்தாள். முதலில் சுகிர்தத்தின் குரல்தான் வந்தது, ஸ்தோத்திரம். அப்புறம் மற்றவர்கள், சத்தமில்லாமல், ஒவ்வொருவராக.

அவலும் சுக்குக்காப்பியும் முடிந்து எல்லோரும் போனபின் வாசலில் வயலட் செருப்பைத் தேடினாள். அதற்குள் சுகிர்தம் குத்தவைத்து உட்கார்ந்து அதைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் குத்தியிருக்கா. வாய் மட்டும் சரியா மூடல" என்று ஊக்கை அமுக்கினாள். மூத்தவளின் செருப்பு இளையவளின் மடியில். "கீழ போடு அதை" என்றாள் வயலட். அவள் போடவில்லை. "சுகிர்தம், அந்தப் பஸ்..." "தெரியும்க்கா." நிமிரவில்லை. "தொப்பின்னு கிருபா சொன்னதுமே தெரிஞ்சுபோச்சு. மஞ்சத் தொப்பி, காது மூடுற மாதிரி. நானில்லா உங்களுக்கு நூல் பிடிச்சேன், ஜொவானா பிறக்கதுக்கு முன்னால." வயலட் தன் கையால் பின்னிக் கனடாவுக்குப் பார்சலில் அனுப்பிய தொப்பி. எந்தப் படத்திலும் அந்தப் பிள்ளை அதைப் போட்டு அவள் பார்த்ததில்லை. "எனக்கும் முதல்ல கோபம் வந்துச்சு, இல்லன்னு சொல்லல" என்றாள் சுகிர்தம். "எங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான், அதையுமான்னு இருந்துச்சு. ஒரு நாள் முழுக்க உங்க கூட மனசுக்குள்ள சண்டை போட்டேன்." "பெறகு ஏன் அப்படிச் சொன்ன?" சுகிர்தம் செருப்பைக் கீழே வைத்து, வாரைத் திருப்பி, கால் நுழைக்க வசதியாக நேர் செய்தாள். "வேற என்ன சொல்ல? அந்தப் பிள்ளைக்கு ரெண்டு கை இருக்குல்லாக்கா."

தெருவில் இறங்கி நடந்தாள் வயலட். ரெண்டு கை. இந்த வார்த்தையாவது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா, இதையும் அவளே சொல்லிவிட்டாள் என்று பத்தடி தூரம் எரிந்தது. பதினோராவது அடியிலும் எரிந்தது, ஆனால் அந்த எரிச்சலுக்கு இப்போது ஒரு முகம் இருந்தது, தைலம் மணக்கிற களைத்த முகம், ஒரு நாள் முழுக்கத் தன்னோடு சண்டை போட்டிருக்கிற முகம். பெருவிரலுக்குக் கீழே ஊக்கு ஒவ்வொரு அடிக்கும் லேசாகக் குத்தியது. முக்கில் கீரைக்காரி மிஞ்சிய கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துச் சாக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கடந்து போய்விடலாம். வயலட் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி நின்றாள். கீரைக்காரி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு முதலில் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் காலைப் பார்த்தாள்.

"என்னம்மா, தாங்குச்சா?"

"தாங்குச்சு" என்றாள் வயலட்.